பூட்டில்லாத வாசல்

ஒரு காலத்தில் இத்தேசத்தில் ரேடியோப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வதற்கே ஸர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1933-ம் வருஷத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதைக் குற்றமென்று விதித்தது. கேட்கும் பெட்டிக்கே இக்கதி என்றால், அனுப்பும் கருவியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை இரகசியமாக நடத்தியபோது, வீட்டுக்கு வீடு இடம் மாற்றியே அதைக் காப்பாற்றவேண்டியிருந்தது. அவ்வருஷம் நவம்பர் 12-ந் தேதி போலீஸார் அதைக் கண்டுபிடித்துக் கைப்பற்றினர். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறைவாசம் விதிக்கப்பட்டது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று நம் நகரங்களிலும் கிராமங்களிலும் எண்ணற்ற வீடுகளின் கூடத்தில், செய்தியை வாங்கவும் அனுப்பவும் வல்ல ஒரு சிறு கம்பியில்லா நிலையம் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ரூட்டர் என்றும் வைஃபைப் பெட்டி என்றும் அதை அழைக்கிறோம். 2005-ம் வருஷ அறிவிப்பினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், 2018-ம் வருஷ அறிவிப்பினால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் குறைந்த சக்தியுள்ள இத்தகைய கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லையென்று இந்திய ஸர்க்கார் விலக்களித்துவிட்டனர். முன்னோர் சிறை புகுந்து செய்த காரியத்தை நாம் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே செய்கிறோம். மகிழ்ச்சிக்குரிய மாறுதலே. ஆயினும் கிடைத்த சுதந்திரத்தை ஆளக் கற்றுக்கொண்டோமா என்ற கேள்வி எழாமலில்லை. இந்த நிலையத்துக்கு ஒரு வாசல் உண்டு. அவ்வாசலுக்குப் பூட்டும் சாவியும் உண்டு. அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதென்று எத்தனை கிரஹஸ்தர்களுக்குத் தெரியும்?

கல்லாலும் மரத்தாலுமான வாசலை நாம் கண்ணால் பார்க்கிறோம். இரவில் தாழிட்டோமா என்று ஒரு முறைக்கு இரு முறை தொட்டுப் பார்க்கிறோம். கம்பியில்லா அலையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நம் மதில்சுவரை மதிப்பதுமில்லை. மாடியில் வைத்த பெட்டியின் அலை எதிர்வீட்டுத் திண்ணையிலும், தெருமுனையில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள்ளும் எட்டுகிறது. நம் வீட்டுக்குள் புக நினைக்கும் அந்நியன் வெளிக்கதவைத் தொடவேண்டியதே இல்லை. அவன் வந்ததற்கு அடிச்சுவடும் இராது. போனதற்குச் சத்தமும் இராது. ஆனால் அவன் செய்த காரியத்தின் சுவடு மாத்திரம், நம் வீட்டு விலாசத்தைக் காட்டியபடி வெகுநாள் அழியாமல் நிற்கும்.

இது வீண் பயமுறுத்தலன்று. 2008 ஜூலை 26-ந் தேதி அஹமதாபாத் நகரில் வெடிகுண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டவர் மாண்டனர். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் பத்திரிகை நிலையங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து புறப்பட்டதென்று போலீஸார் துருவிப் பார்த்தபோது, சுவடு நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டாரின் வீட்டில் போய் நின்றது. அவருக்கும் அக்கொடுமைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவருடைய கம்பியில்லா இணைப்பு தக்க பூட்டின்றி இருந்தது. சதிகாரர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டனர். ஆயினும் கருவிகள் பறிமுதலாயின. விசாரணையும் அபகீர்த்தியும் அவரைச் சூழ்ந்தன. அடுத்த மாதம் மும்பையில் ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்தும், செப்டம்பர் 13-ந் தேதி டில்லியில் குண்டுகள் வெடித்தபோது செம்பூரில் ஒரு வியாபார நிலையத்தின் இணைப்பிலிருந்தும் அதே முறையில் அஞ்சல்கள் சென்றன. மூன்று இடங்களிலும் சொந்தக்காரர் நிரபராதிகளே. மூன்று இடங்களிலும் முதலில் தட்டப்பட்டது அவர்களுடைய கதவுதான்.

அதன் பிறகு 2009 ஜனவரியில் மும்பை போலீஸார் மடிக் கணினியுடன் தெருத் தெருவாகச் சென்று, பூட்டில்லாத இணைப்புகளைத் தேடிச் சொந்தக்காரர்களை எச்சரிக்கப் புறப்பட்டனர். பிப்ரவரியில் தொலைத்தொடர்பு இலாகா, இன்னார் உபயோகிக்கிறார் என்று தெரியாதபடி கம்பியில்லா இணைப்புகள் திறந்து கிடக்கலாகாதென்று இணையக் கம்பெனிகளுக்கு உத்தரவு பிறப்பித்தது. உத்தரவு பிறந்தது, வீடுகளின் வழக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை என்பதை நாம் வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. வெறும் பூட்டு அநேகமாக எல்லா வீடுகளிலும் தொங்குகிறது என்பது மெய்யே. ஆனால் ஊருக்கெல்லாம் ஒரே சாவி போட்டுத் திறக்கும் பூட்டு, பூட்டாகுமா?

பூட்டில்லாத வாசலால் விளையும் கேடு, பிறர் குற்றத்தின் பழியை நாம் சுமப்பதோடு முடிவதில்லை. இரண்டாவது கேடு நம் பொருளுக்கு வருவது. 2011-ல் பிரேஸில் தேசத்தில் சுமார் 45 லட்சம் வீட்டு மோடம்களுக்குள் கள்வர் புகுந்தனர். அவர்கள் எந்த வீட்டுக் கணினியையும் தொடவில்லை. இணையத்தில் ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய விலாசத்தைச் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த ஏற்பாட்டை மோடத்துக்குள் இருந்தபடியே தங்களுக்கு இசைவாக மாற்றிவிட்டார்கள். வீட்டுக்காரர் தம் பாங்கியின் பெயரைச் சரியாகவே எழுதினார். போய்ச் சேர்ந்ததோ கள்வர் கட்டிய போலிப் பாங்கியின் வாசல். வழிகாட்டிக் கம்பத்தைத் திருப்பி வைத்துவிட்டால், வழிப்போக்கன் எவ்வளவு கவனமாக நடந்தும் பயன் என்ன?

மூன்றாவது கேடு, நம் வீட்டுக் கருவியே பிறருக்கு எதிரான படையில் ஆளாகச் சேர்க்கப்படுவது. 2016-ல் மிராய் என்ற பெயருள்ள ஒரு தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் தேடிப் பிடித்தது. அதன் ஆயுதம் என்ன தெரியுமா? பெட்டியோடு வரும் பெயரும் கடவுச்சொல்லுமான சுமார் அறுபது ஜோடிகளின் ஜாபிதா ஒன்றுதான். அந்த அற்பச் சாவிக்கொத்தைக் கொண்டே உச்ச நிலையில் ஆறு லட்சம் கருவிகள் அடிமைகொள்ளப்பட்டன. அவ்வருஷம் அக்டோபர் 21-ந் தேதி அக்கருவிகளின் படையெடுப்பினால் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல, மணிக்கணக்கில் அணுகமுடியாமல் போயின. மறுவருஷம் டிசம்பரில் மூன்று அமெரிக்க வாலிபர்கள் மிராய் நிரலைச் செய்தது தாங்களே என்று கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஆறு லட்சம் வீட்டுக்காரர்களின் அசட்டை இல்லாவிடில், மூன்று வாலிபர்களின் விஷமம் என்ன செய்திருக்கமுடியும்?

இனி, பூட்டுகளின் தராதரத்தைப் பார்ப்போம். 1997-ல் வைஃபைத் தொழில்முறை வகுக்கப்பட்டபோது அதனுடன் வந்த முதற் பூட்டு டபிள்யு.ஈ.பி. என்பது. 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் அதன் பலவீனத்தை அம்பலப்படுத்திவிட்டார்கள். இன்று அதை உடைக்கச் சில நிமிஷம் போதும். 2003-ல் இடைக்கால ஏற்பாடாக டபிள்யு.பி.ஏ. வந்தது. 2004-ல் வந்த டபிள்யு.பி.ஏ. 2 என்பதே இன்றளவும் பெரும்பாலான வீடுகளைக் காத்து நிற்கிறது. 2018-ல் டபிள்யு.பி.ஏ. 3 வெளிவந்தது. புதிதாகப் பெட்டி வாங்குவோர் மூன்றாவதை ஏற்கும் பெட்டியையே கேட்டு வாங்கவேண்டும். வீட்டிலுள்ள பழைய கைபேசிகள் அதை ஏற்காவிடில் இரண்டும் மூன்றும் கலந்த முறையை வைத்துக்கொள்ளலாம். முதலிரண்டு பூட்டுகளைத் தவிர வேறொன்றும் அறியாத பழம்பெட்டி வீட்டில் இருக்குமானால், அதற்கு விடை கொடுத்தனுப்புவதே விவேகம்.

நல்ல பூட்டுக்கும் நல்ல சாவி வேண்டும். இவ்விஷயத்தில் நம்மவரின் ஒரு வழக்கத்தைக் குறிப்பாகக் கண்டிக்கவேண்டியிருக்கிறது. வைஃபைக்குக் கடவுச்சொல் என்ன என்று கேட்டால், பத்து வீட்டில் பல வீடுகள் குடும்பத் தலைவரின் கைபேசி எண்ணைச் சொல்லும். நினைவில் நிற்கும் என்பது அதற்குச் சமாதானம். இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. 2021-ல் இஸ்ரேல் தேசத்தில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் டெல் அவிவ் நகர வீதிகளில் சுற்றி, 5,000 வைஃபை இணைப்புகளின் அலைகளைப் பதிவு செய்து கொண்டுவந்து சோதித்தார். அவற்றுள் 3,500-க்கு மேற்பட்டவை திறந்துகொண்டன. அவற்றில் பெரும்பகுதிக்குச் சாவியாக இருந்தது அவ்வூர்க் கைபேசி எண்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் காரணம் எளிதில் விளங்கும். நம் தேசத்துக் கைபேசி எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. ஆகவே எல்லா எண்களும் சேர்ந்தாலும் 400 கோடிக்கு மேல் இல்லை. டபிள்யு.பி.ஏ. 2 பூட்டில், கருவியொன்று வீட்டு இணைப்பில் சேரும் தருணத்தில் நடக்கும் சம்பாஷணையை அந்நியன் தெருவிலிருந்து பதிவு செய்துகொண்டு, வீட்டுக்குப் போய் ஆற அமர ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கமுடியும். வினாடிக்குப் பத்து லட்சம் சாவிகளைச் சோதிக்கவல்ல கருவி, விளையாட்டுப் பிரியர்களான வாலிபர்களுக்காகவே இன்று கடைகளில் விற்கிறது. 400 கோடியை அது சோதித்து முடிக்க 4,000 வினாடி ஆகும். அதாவது ஒரு மணி ஏழு நிமிஷம். ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் காரியம் முடிந்துவிடும்.

இதற்கு மாற்று, மனிதரால் நினைவில் வைக்கமுடியாத குறியெழுத்துக் குவியலல்ல. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை, சீட்டு எடுப்பது போல் குருட்டாம்போக்கில் பொறுக்கி, வரிசையாக எழுதிக்கொண்டால் போதும். பழமொழியும் பாட்டின் அடியும் சினிமாவின் பெயரும் ஆகா; அவையெல்லாம் கள்வரின் ஜாபிதாவில் ஏற்கெனவே ஏறியிருக்கும். 5,000 சொற்களிலிருந்து ஐந்து சொற்களை இவ்விதம் எடுத்தால், முன் சொன்ன அதே கருவி எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்கச் சுமார் ஒரு லட்சம் வருஷம் ஆகும். விதிப்படி இச்சாவி 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஐந்து சொற்களுக்குத் தாராளமாக இடமுண்டு. டபிள்யு.பி.ஏ. 3 பூட்டிலோ, பதிவு செய்து கொண்டுபோய்ச் சோதிக்கும் இந்த வழியே அடைபட்டிருக்கிறது. வாசலில் நின்று ஒவ்வொன்றாகத்தான் சோதித்தாகவேண்டும்.

சாவியைச் சரியாக அமைத்த பிறகு கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைப்பவர்களும் உண்டு. கடவுச்சொல்லை எழுதும் சிரமம் இல்லாமல், பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ கருவிகளை இணைப்பதற்கு டபிள்யு.பி.எஸ். என்ற வசதி ஏற்பட்டது. எட்டு இலக்கமென்றால் பத்துக் கோடி சேர்க்கை என்று நினைப்போம். 2011 டிசம்பரில் இதன் குறை வெளிப்பட்டது. பெட்டி அவ்வெண்ணை இரண்டு பாதியாகப் பிரித்து, முதற் பாதி சரியா என்பதைத் தனியே சொல்லிவிடுகிறது. முதற் பாதிக்கு 10,000 சேர்க்கை. இரண்டாம் பாதியில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால் 1,000 சேர்க்கையே. ஆகப் பத்துக் கோடி என்று எண்ணியது 11,000 ஆகச் சுருங்கிவிட்டது. இந்த வசதியை நிறுத்திவிடுவதே நலம்.

இவற்றையெல்லாம் செய்ய வேண்டிய நாள், கம்பெனியின் ஆள் வந்து பெட்டியைப் பொருத்தும் அந்த முதல் நாளே. பெட்டியை வீட்டின் நடுவில், தரையிலிருந்து உயரமான இடத்தில் வைக்கச் சொல்லவேண்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலோ, தடித்த காங்கிரீட் சுவருக்கு அப்பாலோ வைத்தால் அலை மங்கும். நடுவில் வைப்பதால் வீட்டுக்குள் எல்லா அறைகளிலும் எட்டுவதோடு, தெருவில் சிந்துவதும் குறைகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் செல்லும். ஆனால் அண்டை வீட்டுப் பெட்டிகளோடு நெருக்கியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. சுவரைத் தாண்டுவதில் பலம் குறைந்தது. நெரிசலான தெருவில் முதல் வகைக்கு 1, 6, 11 என்ற மூன்று வழிகளில் எது காலியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்வது முறை.

பிறகு சாவிகள். ரூட்டருக்கு இரண்டு சாவி உண்டென்பதை அநேகர் அறியார். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று பெட்டியின் நிர்வாகத்துக்கு. முதலாவதை விருந்தினருக்குக் கொடுக்கலாம். இரண்டாவது வீட்டின் இரும்புப் பெட்டிச் சாவிக்குச் சமானம். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் நிர்வாகப் பக்கத்தின் விலாசமும், தொழிற்சாலை இட்ட பெயரும் சொல்லும் இருக்கும். பல பெட்டிகளில் இரண்டு இடத்திலும் 'அட்மின்' என்ற ஒரே சொல்லைக் காணலாம். பொருத்தும் ஆள் வாசற்படி இறங்குவதற்கு முன் அதை மாற்றிவிடவேண்டும். மாற்றியதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்வதில் தவறில்லை. கடல் கடந்த கள்வன் நம் அலமாரியைத் திறக்கப்போவதில்லை. இணைப்புக்கு இடும் பெயரில் குடும்பப் பெயரும் கதவிலக்கமும் வேண்டாம். வெளியூரிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதி அவசியமில்லாதவர்கள் அதை மூடிவிடவேண்டும். மாதம் ஒரு முறை நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற ஜாபிதாவைப் பார்த்து, தெரியாத பெயர் இருந்தால் சாவியை மாற்றிவிடுவது நல்ல வழக்கம்.

போலிக் காவல்கள் இரண்டைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். இணைப்பின் பெயரை மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். கருவிகளின் வரிசை எண்ணைப் பதிவு செய்து, பதிவானவற்றை மாத்திரம் அனுமதித்தால் போதுமென்று வேறு சிலர் நம்புகிறார்கள். பெயரும் எண்ணும் காற்றில் பகிரங்கமாகச் செல்வன. கேட்கத் தெரிந்தவனுக்கு இரண்டும் கேட்கும். நல்ல சாவி இருக்கும்போது இவை தேவையில்லை. நல்ல சாவி இல்லாதபோது இவற்றால் பிரயோஜனமில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தாகமென்று வந்தவனுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த நாட்டில், அண்டை வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கச் சிறிது இணையம் கேட்டால் கதவைச் சாத்துவதா என்பார்கள். மேல்நாட்டிலும் இக்கருத்துக்கு ஆதரவுண்டு. பாதுகாப்பு விஷயத்தில் கியாதி பெற்ற புரூஸ் ஷ்னையர் என்ற நிபுணர், தம் வீட்டு வைஃபையைத் திறந்தே வைத்திருப்பதாகவும் அது விருந்தோம்பலின் பாற்பட்டதென்றும் 2008-ல் பகிரங்கமாக எழுதினார். எண்ணம் உயர்ந்ததே. ஆனால் நம் பெரியோர் விருந்தோம்பலுக்கு ஓர் அமைப்பை வகுத்துத் தந்திருக்கிறார்கள். வழிப்போக்கனுக்குத் திண்ணை, குடும்பத்தாருக்கு உள்வீடு, திண்ணையில் படுத்தவன் பூஜை அறைக்குள் வரமாட்டான். இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் விருந்தினர் இணைப்பு என்று தனியே ஒன்று உண்டு. அதுவே திண்ணை. விருந்தாளியின் கைபேசியையும், வீட்டிலுள்ள டெலிவிஷன், காமிரா முதலியவற்றையும் அதில் சேர்த்துவிட்டால், கணக்கு வழக்குகள் உள்ள கணினி இருக்கும் உள்வீட்டுக்கு அவை வரமாட்டா. ஆயினும் திண்ணைக்கும் நம் வீட்டு விலாசமே விலாசம். அங்கே நடந்த குற்றத்தின் சுவடும் நம்மிடமே வந்து நிற்கும். ஆதலால் திண்ணைக்கும் ஒரு சாவி வேண்டும். அது முகம் அறிந்தவருக்கு மாத்திரம் உரியது. ஊருக்கே தண்ணீர்ப் பந்தல் வைக்க விரும்பும் தரும சிந்தையுள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய மந்திரி சபை அங்கீகரித்த பி.எம். வாணி என்ற திட்டத்தின்படி, மளிகைக் கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். வருவோர் இன்னாரென்று சரிபார்க்கும் பொறுப்பு அத்திட்டத்திலேயே அமைந்திருக்கிறது.

இதுவரை கிரஹஸ்தரின் கடமையைச் சொன்னோம். பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டுக் கம்பெனிகளும் ஸர்க்காரும் கைகழுவிக்கொள்வது நியாயமன்று. இதில் ஜெர்மன் தேசத்து நீதிமன்றங்களின் போக்கு கவனிக்கத்தக்கது. 2010 மே 12-ந் தேதி அந்நாட்டு உயர்ந்த சிவில் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டுக்காரர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தபோது, யாரோ அவர் இணைப்பின் வழியே ஒரு பாட்டை அனுமதியின்றிப் பிறருக்கு வழங்கிவிட்டார். நஷ்ட ஈடு அவர் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் தொழிற்சாலைச் சாவியை மாற்றாமல் விட்ட அசட்டைக்கு அவர் பொறுப்பாளி என்றார்கள் நீதிபதிகள். 2016 நவம்பரில் மற்றொரு வழக்கில், ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறாகப் பதினாறு இலக்கச் சாவி இட்டே கம்பெனி விற்றிருந்தபடியால், அதை மாற்றாத வீட்டுக்காரர் மீது குறையில்லை என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. 2017-ல் சட்டமே மாற்றப்பட்டு, இத்தகைய பொறுப்பு பெரிதும் குறைக்கப்பட்டது. இதிலிருந்து பெறப்படும் நியாயம் தெளிவு. பூட்டைச் செய்பவன் பெட்டிக்குப் பெட்டி வேறு சாவி செய்து கொடுத்துவிட்டால், கோடிக்கணக்கான வீட்டுக்காரர்களின் மறதியால் கேடு விளையாது.

சில நாடுகள் இதைச் சட்டமாகவே செய்துவிட்டன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 2020 ஜனவரி 1 முதல், இணையத்தில் சேரும் கருவிகளுக்கு ஊருக்கெல்லாம் ஒரே கடவுச்சொல் இடுவதைத் தடுத்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் உள்ள சட்டம் அதோடு நிற்கவில்லை. பொருளை விற்கும்போதே, எத்தனை காலம் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்போம் என்று கம்பெனி வெளியிட்டாகவேண்டுமென்றும் விதித்திருக்கிறது. இரண்டாவது விதியின் அருமை, 2017 அக்டோபரில் நடந்ததை நினைப்போருக்கு விளங்கும். பெல்ஜிய ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப் அப்போது டபிள்யு.பி.ஏ. 2 பூட்டிலேயே ஒரு விரிசலைக் கண்டறிந்து வெளியிட்டார். திருத்தம் பெற்ற கருவிகள் தப்பின. கம்பெனி கைவிட்ட கருவிகள் விரிசலோடே நின்றன. 2018 மே மாதத்தில், 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரூட்டர்களுக்குள் ஒரு தீய நிரல் குடியேறியிருப்பது வெளிப்பட்டு, பெட்டிகளை ஒரு முறை அணைத்து ஏற்றும்படி அமெரிக்கப் போலீஸ் இலாகாவான எஃப்.பி.ஐ. ஜனங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. திருத்தம் கிடைக்காத பெட்டி, கீல் கழன்ற கதவு.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. இணைய இணைப்போடு பெட்டியும் கொடுக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் சாவியிட்டே கொடுக்கவேண்டும். திருத்தங்கள் எத்தனை வருஷம் கிடைக்குமென்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடவேண்டும். பொருத்த வரும் ஆள், சாவிகளை மாற்றும் முறையை வீட்டாருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்து, அவர்கள் கையாலேயே மாற்றச் செய்த பிறகே கையெழுத்து வாங்கவேண்டும். இவற்றைக் கட்டாயமாக்குவது ஸர்க்காரின் கடமை. குற்றம் நடந்த பிறகு நிரபராதியின் கதவைத் தட்டுவதைக் காட்டிலும், பெட்டி வீட்டுக்குள் வருமுன் அதன் பூட்டைப் பரிசோதிப்பதே நல்ல ராஜ்ய பரிபாலனம்.

சட்டம் வரும் வரை காத்திருக்கவேண்டிய அவசியம் பொது ஊழியர்களுக்கு இல்லை. எழுத்தறிவில்லாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பதும், வாக்காளர் ஜாபிதாவில் பெயர் சேர்ப்பதும் எவ்வளவு தேச சேவையோ, அவ்வளவு சேவை இதுவும். ஒவ்வொரு சங்கமும் வாசகசாலையும் தன் சொந்த நிலையத்தில் முதலில் ஆரம்பிக்கட்டும். அங்கத்தினர் பெயர்களும் கணக்குகளும் கடிதப் போக்குவரத்தும் இருக்கும் இடத்தின் வைஃபைச் சாவி, சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருப்பதை எத்தனை சங்கங்களில் காண்கிறோம்! அதைக் கிழித்தெறிந்த பிறகு தெருவில் இறங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு வாலிபர்கள் பத்து வீடுகளுக்குச் சென்று, வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரையே சாவியை மாற்றச் செய்யலாம். புதுச் சாவி என்னவென்று வாலிபர்கள் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. முதியோரும் விதவையரும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோரும் முதலில் கவனிக்கப்படவேண்டியவர்கள். பாங்கிப் பணம் முழுவதும் இந்த ஒரு பெட்டியின் வழியாகப் போய்வருவது அவர்கள் வீடுகளில்தான்.

ஒரு வீட்டுக்கு இதனால் ஆகும் செலவு ஒரு காசுமில்லை. ஆகும் காலம் அரைமணி. கம்பியில்லா நிலையம் வைத்துக்கொள்ளும் உரிமை நமக்குச் சுலபத்தில் வந்ததன்று. அந்நிலையத்தின் சாவியை அந்நியன் கையிலும் கம்பெனியின் கையிலும் விட்டுவைப்பது வீட்டை ஆளும் லக்ஷணமாகாது. இன்றிரவு வாசற்கதவைத் தாழிடும் கையே இந்த வாசலையும் தாழிடட்டும்.